டிரைவர் வராத நாட்கள்

மார்ச் 3

அக்கா,

அன்று பேருந்து நிலையத்தில் "எதுக்குடி போற?" என்று நீ கேட்டபோது, "சம்பளம் நல்லா இருக்கு" என்றேன். எனக்குப் போக ஆசையாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நீ இன்னும் கோபப்பட்டிருப்பாய். ஆனால் அது உண்மையான காரணத்தின் மேல் வந்த கோபமாக இருந்திருக்கும்.

நாம் போட்ட திட்டம் எனக்கு மறக்கவில்லை. சொந்தமாக ஒரு பல் லேப், நீ பல்லைப் பார்ப்பாய், நான் மெஷினைப் பார்ப்பேன். அந்தத் திட்டத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அதில் நான் இருக்க விரும்பவில்லை, அவ்வளவுதான். பெட்டி கட்டும் வரை உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு நீ "இனிமே உன்கிட்ட பேச மாட்டேன்" என்றாய். சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை மறக்காமல் ஜன்னல் வழியே நீட்டினாய்.

இங்கே மலை உச்சியில் பெரிய பெரிய கிண்ணங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. தொலைவிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்பது அவற்றின் வேலை. கேட்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கைபேசிக்கு அனுமதி இல்லை. பெட்ரோல் வண்டிக்கும் இல்லை, அதன் தீப்பொறிகூட இங்கே பெரிய கூச்சலாம். ஒரு டீசல் வேன் திங்களும் வியாழனும் கீழே போய்வரும். தபால் அதில்தான். அலுவலகக் கணினியில் சொந்த அஞ்சல் எழுதக் கூடாது. காவலர் அறையில் ஒரு கம்பித் தொலைபேசி உண்டு. ஆனால் நீதான் பேச மாட்டாயே.

எழுத மாட்டேன் என்று நீ சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். முகவரி உறையின் பின்னால்.

தங்கை


மார்ச் 8

ஊமைக்கோட்டானுக்கு,

பேச மாட்டேன்னு சொன்னது அப்படியேதான் இருக்கு. இது பேச்சு இல்ல, புகார்.

என் லேப்டாப்புல நீ போட்டுக் குடுத்த பெங்குவின் மண்டையைப் போட்டுடுச்சு. "விண்டோஸ் வேணாம்க்கா, லினக்ஸ் போட்டுத் தரேன், வைரஸ் வராது, வேகமா ஓடும்"னு தலைகீழா நின்ன இல்ல? நல்லா ஓடுது, வாசலுக்கும் வாசலுக்கும். பாஸ்வேர்ட் கேக்குது. தட்டறேன். திரை கருப்பா ஆகுது, ஒரு தடவை கண்ணடிக்குது, திரும்ப அதே பாஸ்வேர்ட் கேக்குது. திரும்பத் தட்டறேன், திரும்பக் கண்ணடிக்குது. வேற யாராவது என்கிட்ட இத்தனை தடவை கண்ணடிச்சிருந்தா செருப்பைக் கழட்டியிருப்பேன்.

போன்ல தேடிப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்றாங்க. ஒருத்தன் அதை அழிங்கறான், இன்னொருத்தன் அதை மட்டும் அழிச்சிடாதேங்கறான்.

சிரிக்காதே. விஷயம் பெருசு. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா எனக்குத் தனியா ஒரு கேஸ் குடுத்திருக்காங்க. முதலாளி லேப் பேர்ல இல்ல, என் பேர்ல. ஒரு டீச்சர், கீழ்த்தாடையில ஆபரேஷன் ஆகி முன்வரிசைப் பல்லே இல்ல. கையால வாயை மூடிக்கிட்டுப் பாடம் நடத்தறாங்களாம். "பின்பெஞ்ச் பசங்களுக்கு ஒண்ணும் கேக்கலம்மா"ன்னு என்கிட்ட சொல்லும்போதும் கை வாய் மேலதான் இருந்துச்சு. ஸ்கேன் வந்தாச்சு, டிசைன்ல பாதி முடிச்சாச்சு. எல்லாம் அந்தக் கண்ணடிக்கிற பொட்டிக்குள்ள இருக்கு. மாசக் கடைசியில பொருத்தணும். இது நல்லா வந்தா அடுத்தடுத்த வேலை எனக்குத்தான்னு டாக்டரம்மா வாய்விட்டுச் சொல்லிட்டாங்க. வரலைன்னா நான் சாகற வரைக்கும் முதலாளிக்குப் பல் அச்சு மெழுகு உருக்க வேண்டியதுதான்.

நீ பாட்டுக்கு நட்சத்திரம் என்ன சொல்லுதுன்னு ஒட்டுக்கேட்டுக்கிட்டு இரு. என்ன பண்ணணும்னு எழுது.

உன்கிட்ட பேசாத அக்கா


மார்ச் 11

அக்கா,

பயப்படாதே. உன் வேலை எங்கும் போகவில்லை. இதை ஆறுதலுக்காக எழுதவில்லை.

கடவுச்சொல் தவறாக இருந்தால் அது தவறு என்று எழுதிக் காட்டும். உனக்கு அப்படிக் காட்டவில்லை. ஆகவே அது உன்னை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே விடுகிறது. உள்ளே படம் காட்ட ஆள் இல்லாததால், மரியாதையாக வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது.

அந்த ஆளுக்குப் பெயர் கிராபிக்ஸ் டிரைவர். பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாயே, அந்தப் படத்தை வரைகிற சிப்பை ஓட்டுபவர். அந்த மடிக்கணினி தன் அடிப்படைப் பகுதியை அவ்வப்போது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அதைப் புதுச் சாலை என்று வைத்துக்கொள். ஒவ்வொரு புதுச் சாலைக்கும் டிரைவரை மறுபடி பழக்க வேண்டும். அதுவும் தானாகவே நடக்கும். இந்த முறை ஏதோ காரணத்தால் நடக்கவில்லை.

முதலில் இதைச் செய். கணினி தொடங்கும்போது ஷிப்ட் விசையை அழுத்திப் பிடி. ஒரு பட்டியல் வரும். அதில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடு, அதுதான் பழைய சாலை. அதிலும் இதே கதை என்றால், கடவுச்சொல் கேட்கும் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்து. படமில்லாத கருப்புத் திரை வரும். அது கெட்டுப்போன திரை இல்லை, கணினியின் சமையலறை. அங்கே நிர்வாகி என்ற பெயரில் நுழைய வேண்டும். உன் பெயரில் நுழைந்தால் டிரைவரைத் தொட விடாது.

நிர்வாகியின் கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதக் கூடாது என்பது என் தொழிலின் முதல் பாடம். அதனால் குறிப்பாகச் சொல்கிறேன். பள்ளி நாட்களில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புத்தகத்தோடு நான் உட்கார்ந்திருப்பேன். கீழிருந்து நீ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவாய். அந்தப் பெயர்தான். ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்து.

நுழைந்ததும் எழுது. அடுத்து என்ன தட்டுவது என்று சொல்கிறேன்.

தங்கை


மார்ச் 16

ஏய்,

பழைய சாலையில போய்ப் பார்த்தேன். அங்கேயும் கண்ணடிக்குது.

கருப்புத் திரை வந்துச்சு. கருப்புல வெள்ளை எழுத்து. பேங்க்ல கன்னம் வைக்கிற ஆள் மாதிரி இருந்துச்சு, பரவாயில்ல, பிடிச்சிருந்துச்சு. நிர்வாகின்னு போட்டேன். பாஸ்வேர்ட் கேட்டுச்சு. தட்டினா ஒண்ணுமே வரல. நட்சத்திரம் இல்ல, புள்ளி இல்ல. கீபோர்டு போச்சோன்னு அழுத்தி அழுத்திக் குத்தினேன், விரல் நோகுது. அப்புறம்தான் போன்ல படிச்சேன், அது அப்படித்தானாம். உள்ள வாங்கிக்குமாம், வெளிய காட்டாதாம். யார் பண்ணின மெஷின்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு. உன்கிட்டயும் அப்படித்தானே? நான் தொண்டை கிழியக் கத்தினாலும் மூஞ்சியில ஒரு புள்ளி தெரியாது. ஒண்ணு விடாம உள்ள எழுதி வச்சிருப்ப.

புழுக்குட்டி. அதானே? எத்தனை வருஷமா இதை வச்சிருக்க? உன்னைத் திட்டத்தானேடி அந்தப் பேரை வச்சேன்.

ஆனா திறக்கலை. தப்புங்குது. மெதுவாத் தட்டினேன், வேகமாத் தட்டினேன். பூச்சி, கரப்பான்னு நான் கூப்பிட்ட எல்லாப் பேரையும் போட்டுப் பார்த்தாச்சு. எதுக்கும் அசையலை.

முதலாளிக்கு எப்படியோ மூக்கு வேர்த்துடுச்சு. பக்கத்துல வந்து, ரொம்ப அக்கறையா, "கஷ்டப்படாதேம்மா, ஸ்கேனை டாக்டர்கிட்ட திரும்ப வாங்கி நம்ம லேப் மெஷின்லயே செஞ்சுடு. கேஸ் மட்டும் லேப் பேர்ல போகட்டும்"ங்கறார். "யோசிச்சுச் சொல்றேன் சார்"னேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் வேற, "மொத்தமாத் துடைச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம், சாயந்திரம் வாங்கிக்கலாம்"ங்கறார். துடைச்சா என் பல்லும் போயிடுமான்னு கேட்டேன். "எந்தப் பல்லு?"ன்னார்.

சீக்கிரம் எழுது.

அக்கா


மார்ச் 19

அக்கா,

கடைக்காரரிடம் கொடுக்காதே. முதலாளியிடமும் சரி என்று சொல்லாதே. இந்தக் கணினியை உன்னால் சரிசெய்ய முடியும். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

கடவுச்சொல் சரிதான். பிழை நம் இருவருடையதும். புழுவில் இருக்கும் ழ-வுக்கு நீ வெறும் எல் போட்டிருப்பாய். உன் பழைய குறுஞ்செய்திகளில் மழைகூட மலையாகத்தான் பெய்யும். நான் இசட் எச் போடுகிறவள். நீ ஒரு கே போடும் இடத்தில் நான் இரண்டு போடுவேன். தாளில் எழுதாமல் குறிப்பாகச் சொன்னால் பாதுகாப்பு என்று நினைத்தேன். நம் வீட்டுச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

விதியை மீறுகிறேன். பி, யூ, இசட், எச், யூ, கே, கே, யூ, டி, டி, ஐ. படித்ததும் இந்தத் தாளைக் கிழித்துவிடு.

எத்தனை வருஷமா என்று நீ கேட்டதற்குப் பதில்: முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து.

தனித்தாளில் தட்ட வேண்டியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரி, அரைகுறையாக நிற்கும் டிரைவரை அகற்ற. இரண்டாவது, புதிதாக நிறுவ. மூன்றாவது, கணினியை மீண்டும் தொடங்க. சின்னக் கட்டம் போட்டிருக்கும் இடத்தில் ஓர் இடைவெளி விடு. கட்டத்தைக் கீபோர்டில் தேடாதே. இணையத்துக்குக் கம்பியைச் செருகிக்கொள்.

ஒன்று மட்டும் எனக்கு இடிக்கிறது. டிரைவர் மட்டுமே காரணம் என்றால் பழைய சாலையில் வண்டி ஓடியிருக்க வேண்டும். அதனால் இரண்டாவது வரியைத் தட்டியபின் திரை கடகடவென்று எழுதித் தள்ளும்போது மிரளாதே. நின்றதும் கடைசி வரியைப் படி, அங்கிருந்து மேலே போ. எது நடக்கவில்லையோ அதைக் கடைசியில்தான் சொல்லும்.

காவலர் அறைத் தொலைபேசியின் எண்ணைத் தாளின் அடியில் எழுதியிருக்கிறேன். அடுத்த செவ்வாய் மதியம் அங்கே நிற்கிறேன். ஒரு நாளைக்கு உன் சபதத்தை ஒத்திவைக்கலாம், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

தங்கை


மார்ச் 22

உன் கடிதம் வரலை. தினமும் தபால்காரர் மூஞ்சியைப் பார்த்தே என் மூஞ்சி தொங்கிப்போச்சு. டாக்டரம்மா இன்னிக்குக் கூப்பிட்டு, "ரெடியாம்மா?"ன்னு கேட்டாங்க. "ஆகிட்டே இருக்கு டாக்டர்"னேன். அது பொய் இல்ல. ஆனா உண்மையும் இல்ல.

திங்கட்கிழமை கடையில குடுத்துடப் போறேன். துடைக்கட்டும். ஸ்கேனைத் திரும்ப வாங்கி முதல்லேருந்து செய்யறேன். முடியலைன்னா முதலாளி.

நீ இருந்திருந்தா இது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. அதைச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சொல்லிட்டேன்.


மார்ச் 25

ஊமைக்கோட்டானே,

முன்னாடி எழுதினதைக் கிழிச்சுப் போடு. இல்ல, கிழிக்காதே, வச்சுக்கோ. அப்பவும் அது நெஜந்தான்.

திங்கட்கிழமை காலையில பொட்டியைத் துணிப்பையில போட்டு, செருப்பும் மாட்டியாச்சு. வாசல்ல தபால்காரர். "உங்க மலைக் கடிதம் வந்தாச்சும்மா. அங்க வேன் டிரைவருக்குப் பல்வலியாம், அதான் வியாழக்கிழமை வண்டி சனிக்கிழமைதான் இறங்குச்சாம்"னார். எங்க போனாலும் டிரைவர் பிரச்சினைதான். என்கிட்ட அனுப்பி வைடி அவரை.

செருப்பைக் கழட்டாமலே உட்கார்ந்து தட்டினேன். இசட் எச்! உனக்கு எப்பவும் ழகர ஜம்பம். ஆனா திறந்துச்சு. "வருக நிர்வாகி"ங்கற மாதிரி என்னமோ சொல்லுச்சு. நான்தான் நிர்வாகி. பக்கத்துல யாரும் இல்லாததால நானே தலையாட்டிக்கிட்டேன்.

முதல் வரி ஒழுங்காப் போச்சு. இரண்டாவதுல ஒரு கட்டத்துக்கு இடைவெளி விடலை, திட்டுச்சு. விட்டேன். அப்புறம் மழை மாதிரி (மலை இல்ல, மழை) எழுத்து கொட்டி, நின்னு, முடியலைன்னுடுச்சு.

போன் பக்கத்துலதான் இருந்துச்சு. உன் நம்பரும் இருந்துச்சு. செவ்வாய்க்கு ஒரு நாள்தான் பாக்கி. அப்பதான் நீ எழுதினது ஞாபகம் வந்துச்சு, கடைசி வரியிலேருந்து மேல படின்னு. படிச்சேன். இங்கிலீஷ்தான், ஆனா அது புரிஞ்சுது. இடம் இல்லையாம். பொட்டியில எழுத இடம் இல்லையாம்!

இடம் இல்லைங்கறது எனக்குத் தெரியாத சமாச்சாரமா? பக்கத்துப் பல்லு ரெண்டும் சாஞ்சு வந்து இடத்தை அடைச்சுக்கிட்டா, நடுவுல தங்கப் பல்லு செஞ்சாலும் நிக்காது. பல்லு மேல தப்பு இல்ல. முதல்ல இடம் பண்ணணும்.

எது அடைச்சிருக்குன்னு யோசிச்சேன். ஸ்கேன் ஒவ்வொண்ணும் யானை. வேண்டாத ஸ்கேனையெல்லாம் தினமும் குப்பையிலதானே போடறேன், அது எப்படி அடைக்கும்? அப்புறம்தான் பொறி தட்டுச்சு. குப்பைத்தொட்டியை நான் கொட்டினதே இல்ல. ஒரு நாள்கூட. "எதையும் அவசரப்பட்டு அழிக்காதக்கா"ன்னு நீ சொன்ன பாரு, அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டேன். முதல் கேஸ்லேருந்து எல்லா வாயும் அதுக்குள்ளேயே பல்லை இளிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

கருப்புத் திரையில குப்பையைக் கொட்டறது எப்படின்னு அதை மட்டும் போன்ல தேடினேன். இந்தத் தடவை என்ன கேக்கணும்னு தெரிஞ்சதால எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னாங்க. தட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு எழுத்தா உன் தாள்ல இருக்கிற மாதிரி எழுதி, கட்டம் போட்டு, சரி பார்த்தேன். கொட்டினேன். திரும்ப உன் இரண்டாவது வரி. மழை. இந்தத் தடவை கடைசி வரியில கோபம் இல்ல. மூணாவது வரி.

பாஸ்வேர்ட் கேட்டுச்சு. தட்டினேன். கருப்பாச்சு. கண்ணடிக்கப் போகுதுன்னு நான் முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கேன், டீச்சரோட தாடை முழுசா வந்து நிக்குது. திருப்பினேன், திரும்புச்சு. அப்பதான் செருப்பைக் கழட்டினேன்.

செவ்வாய்க்கிழமை நான் போன் பண்ணலை. வேலை இருந்துச்சு. நீ நின்னியா? கால் வலிச்சிருந்தா நல்லது.

அக்கா


மார்ச் 28

அக்கா,

நின்றேன்.

உன் இரண்டு கடிதங்களும் ஒரே வேனில் வந்தன. முதலில் பிரித்தது கடையில் கொடுக்கப் போவதாக எழுதியது. அதைப் படித்துவிட்டு அடுத்ததைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மேஜையில் வைத்திருந்தேன். நான் அங்கே இருந்திருந்தால் டீ குடிக்கும் நேரத்து வேலை என்று எழுதியிருந்தாய். ஆமாம். நானே குப்பையைக் கொட்டியிருப்பேன், உன்னிடம் சொல்லாமல்.

பழைய சாலையில் ஏன் ஓடவில்லை என்பது இப்போது புரிகிறது. உள்ளே நுழையும்போது கணினி உன் பெயரில் சின்னதாக ஒரு குறிப்பு எழுதிவைக்க வேண்டும். அதற்கும் இடமில்லை. புதிய டிரைவரைப் பழக்க முடியாமல் போனதும் அதனால்தான். நான் டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

வேன் டிரைவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன்.

டீச்சருக்குப் பொருத்தியதும் எழுது.

தங்கை


ஏப்ரல் 4

ஏய்,

பொருத்தியாச்சு. டாக்டரம்மா கண்ணாடியை நீட்டினாங்க. டீச்சர் கை பழக்கத்துல வாய்க்குப் போச்சு, பாதியில நின்னுச்சு, என்ன பண்றதுன்னு தெரியாம மூக்கைச் சொறிஞ்சுக்கிச்சு. "ஏதாவது சொல்லுங்க டீச்சர்"னேன். "என்ன சொல்றது?"ன்னாங்க. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக் கேட்டுச்சு. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் ரெண்டு கேஸ் அனுப்பறேன்"னுட்டு அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டுட்டாங்க. அவ்வளவுதான் விழா.

முதலாளிகிட்ட மாசக் கடைசியோட நிக்கறேன்னு சொல்லிட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்னியே?"ன்னார். "இதான் சார் யோசிச்சது"ன்னேன்.

அப்புறம் ஒரு சமாச்சாரம். நிர்வாகி பாஸ்வேர்டை மாத்திட்டேன். எப்படி மாத்தறதுன்னு நானே கண்டுபிடிச்சேன். புதுசு என்னன்னு சொல்ல மாட்டேன், குறிப்பும் தர மாட்டேன். இப்ப அது என் மெஷின். குப்பையை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கொட்டறேன்.

உனக்குப் போக ஆசையா இருந்துச்சுன்னு முதல் கடிதத்துல எழுதின. அதுக்கு நான் பதிலே எழுதலை. படிச்சேன். அதை அன்னிக்கே சொல்லியிருந்தா பஸ்ஸையே மறிச்சிருப்பேன்தான். ஆனா "ஆசை"ன்னு ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வரும்னே எனக்குத் தெரியாது.

பேசறது பத்தி இன்னும் முடிவு பண்ணலை.

அக்கா


ஜூன் 20

அக்கா,

விடுமுறை முடிந்து மலைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நம் வீட்டில் இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இங்கிருந்துதான் எழுத வருகிறது.

வந்த அன்று கதவைத் திறந்தாய், பையை வாங்கினாய், துண்டை எடுத்து நீட்டினாய். ஒரு வார்த்தை இல்லை. முன்னறையில் உன் பெயர்ப்பலகை, மேஜை மேல் மெழுகுத் தாடைகள், நடுவில் அந்த மடிக்கணினி. நீ உள்ளே விளக்கில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாய். நான் உட்கார்ந்து கருப்புத் திரைக்குப் போய், நிர்வாகி என்று போட்டு, பழைய சொல்லைத் தட்டினேன். மாற்றிவிட்டதாக நீ எழுதியது தெரியும். இருந்தாலும் தட்டினேன். தவறு என்றது. இசட் எச் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்போது நீ பின்னால் வந்து நின்றாய். "அந்தப் பக்கம் திரும்பு" என்றாய்.

பேருந்து நிலையத்துக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. சொல்லிவிட்டதை நீ கவனித்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

என் தொழில் கேட்பது. விசைகளின் சத்தத்தை எண்ணியிருந்தால் எத்தனை எழுத்து என்றாவது தெரிந்திருக்கும். எண்ணவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். நீ தட்டினாய். திறந்தது.

தங்கை